வெயிலுக்குத் துணை

ஆதிலிங்கம் தன் அக்காவிடம் கடைசியாகக் கேட்டது நகவெட்டி.

காலை பதினொன்றரை மணி. முள்ளக்காடு குளிர்க்கூடத்தில் அவர்களுக்கு ஒதுக்கியிருந்த தடுப்புக்குள், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஒரு காலைத் தூக்கி மறு முழங்காலின் மேல் போட்டிருந்தான். ஒரு ஷூவை மாட்டியாகிவிட்டது. இன்னொன்று கையில் இருந்தது.

"எக்கா, நகவெட்டிய எங்கன வச்ச?"

"உன் பெட்டியிலதான கெடந்து. நேத்து நீதான எடுத்த."

"பெருவிரல் நகம் முன்னால இடிக்கி. பத்து கிலோமீட்டர் இடிச்சா கறுத்துரும்."

"கறுத்தா கறுக்கட்டும். உனக்கு வரப்போறவ காலையா பாக்கப் போறா?"

"ஓட்டக்காரனுக்கு வாரவ காலத்தான்க்கா மொதல்ல பாப்பா. மூஞ்சி எப்படி இருந்தா என்ன?"

"உன் மூஞ்சிக்கு அதுதான் நல்லது."

பிரம்மசக்தி பெட்டியைக் கிளறி நகவெட்டியை எடுத்து அவன் மடியில் போட்டாள். அவன் குனிந்து நறுக்கினான். நகத்துண்டு தெறித்து அவள் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. "பெருக்கின எடத்துல போடுதியே" என்று வைதாள். சிரித்துக்கொண்டே மற்ற ஷூவையும் மாட்டினான். அவ்வளவுதான் அவர்கள் பேசிக்கொண்டது. அவனுக்கு இருபத்தேழு வயது, அவளுக்கு முப்பத்தெட்டு.

வெளியே ஐம்பத்தொரு டிகிரி.

அந்த வருடங்களில் சித்திரை பிறந்தால் ஆவணி முடியும் வரை பகல் பதினொன்றிலிருந்து ஐந்து வரை யாரும் வெளியே தலைகாட்டுவதில்லை. ஊருக்கு ஊர் கட்டிய குளிர்க்கூடங்களுக்குள் சனங்கள் அடைந்து கிடந்தார்கள். ஐம்பது டிகிரி தாண்டினால் வண்டிகளின் பேட்டரி தானாகவே அணைந்துவிடும். நடுரோட்டில் தீப்பிடித்துப் பல பேர் கருகிய பிறகு வந்த ஏற்பாடு அது. ட்ரோன்களுக்கும் அதே கதிதான். ஆனால் நோயும் பிரசவமும் பதினொரு மணிக்கு மேல் காத்திருப்பதில்லை. ஒரு கூடத்திலிருந்து இன்னொரு கூடத்துக்கு மருந்தும் இரத்தமும் போயாக வேண்டும். யந்திரங்கள் எல்லாம் கைவிட்ட இடத்தில் கடைசியாக மனிதனையே ஓட விட்டார்கள். மனிதனுக்கு வியர்க்கும். பேட்டரிக்கு வியர்க்காது.

மனிதனிடம் இருந்த ஒரே குறை, அவன் சீக்கிரம் நின்றுவிடுவான் என்பது. அதைத்தான் வெயில் வாரியம் சரிசெய்திருந்தது.

பிரம்மசக்தி வேலைக்குச் சேர்ந்த அன்று வாரியத்து மருத்துவர் இளவேனில் அவளுக்கு அதை விளக்கியிருந்தார். தம்பிக்குச் செய்ததுபோலவே அவளுக்கும் காதுக்குப் பின்னால் ஊசியால் ஏதோ செலுத்தினார்கள். அரிசி அளவுகூட இல்லை.

"இப்ப உங்க தம்பி ஓடுறார்னு வைங்க. உடம்பு உண்மையிலேயே கெட்டுப்போறதுக்கு ரொம்ப முன்னாடியே மூளை பயந்துடும். சுடுது, முடியல, உட்காருன்னு சொல்லும். அந்தப் பயத்தை நாங்க அவர்கிட்டருந்து எடுத்துடுறோம். அவருக்குச் சுடாது."

"அப்ப சூடு எங்க போவும் டாக்டர்?"

"சூடு உடம்புலயேதான் இருக்கும். சுடுதுங்கிற உணர்ச்சி மட்டும் உங்களுக்கு வரும். நீங்க ஏசி அறையில உட்கார்ந்திருப்பீங்க, அவருக்காகச் சுடும். தாங்க முடியாமப் போனா பொத்தானை அமுக்கணும். அமுக்கினா உணர்ச்சி மொத்தமும் அவருக்கே திரும்பிடும். அந்த இடத்துலயே உட்கார்ந்துடுவார். பக்கத்துக் கூடத்துலருந்து ஆள் போய்த் தூக்கிட்டு வருவாங்க."

"உடம்புச் சூட்ட மிஷின் வச்சே பாக்கலாமே?"

"பாக்கலாம். ஆனா ஒருத்தர் நாப்பதரைல விழுறார், இன்னொருத்தர் நாப்பத்தொண்ணரைலயும் ஓடிட்டே இருக்கார். நம்பரை நம்பி நிறுத்தினா பாதிப் பேரை வீணா நிறுத்துவோம், மீதிப் பேரைச் சாக விடுவோம். போதும்னு சொல்றதுக்கு ஒரு மனுஷ உடம்புதான் வேணும்மா."

அந்த மனுஷ உடம்புக்கு வாரியம் வைத்த பெயர் துணை.

ஆதிலிங்கத்துக்கு முதலில் துணையாக இருந்தவள் காயல்பட்டினத்து ராவியத். இருபத்திரண்டு வயதுப் பெண், கெட்டிக்காரி. ஒரே மாதத்தில் இரண்டு தடவை பொத்தானை அமுக்கிவிட்டாள். மூன்றாவது அமுக்கலோடு ஓட்டக்காரர் பட்டியலிலிருந்து அவன் பெயர் போய்விடும். பெயர் போனால் குளிர்க்கூடத்தில் இருக்கும் இரண்டு கட்டிலும் போய்விடும். அவர்களுடைய அப்பாவும் அம்மாவும் கட்டில் கிடைக்காத ஒரு வைகாசியில்தான், நான்கு நாள் இடைவெளியில் போய்ச் சேர்ந்தார்கள். ஆகவே ஆதிலிங்கம் வாரியத்தில் எழுதிக் கொடுத்துத் துணையை மாற்றிக்கொண்டான்.

"நீ வாக்கா. அந்தப் புள்ள பூனைமேல வெந்நி பட்ட மாதிரி துள்ளுதா. நீ உப்பளத்துல பதினெட்டு வருசம் நின்னவ. நீ அமுக்க மாட்ட."

அவன் சொன்னது சரிதான். மூன்று மாதத்தில் முப்பத்தாறு ஓட்டம், ஒரு தடவைகூட அவள் அமுக்கவில்லை. முதல் நாள் ஓடி முடித்துக் கூடத்துக்குத் திரும்பியதும், "மார்கழி விடியக்காலம் மாதிரி இருந்துக்கா" என்றான். அவளுக்கு அப்போது கண் இரண்டும் சிவந்து, உள்ளங்கால் எரிந்துகொண்டிருந்தது. சந்தோஷமாக இருந்தது. அவனுக்கு மார்கழி, தனக்கு வெயில். தம்பிக்காக ஒருத்தி இதைவிட நேராக எதையும் செய்துவிட முடியாது என்று நினைத்தாள்.

அன்றைக்குப் பழையகாயல் கூடத்தில் ஒருத்திக்குப் பிள்ளை பெற்ற பிறகு இரத்தம் நிற்கவில்லை. இரண்டு பை இரத்தம் பெட்டியில் வைத்து ஆதிலிங்கத்தின் முதுகில் கட்டினார்கள். பன்னிரண்டு ஐந்துக்குக் கதவு திறந்தது. அவன் உப்பளங்களுக்கு நடுவே போகிற ரோட்டில் இறங்கினான்.

துணை அறையில் ஆறு நாற்காலிகள், ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் ஒரு சிவப்புப் பொத்தான். பிரம்மசக்தியுடையது நான்காவது. அடுத்த நாற்காலியில் ராவியத். இப்போது அவள் சாலமோன் என்ற வேறொரு ஓட்டக்காரனுக்குத் துணை. அவன் வடக்கே தூத்துக்குடிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தான். அறையில் சன்னல் கிடையாது. புத்தகம் வாசிக்கக் கூடாது, தூங்கக் கூடாது. பேசலாம்.

"ஒங்க தம்பி என்னய இன்னும் வையிறாராக்கா?" என்றாள் ராவியத்.

"வெந்நி பட்ட பூனைன்னு சொல்லுதான்."

"சொல்லட்டும். பூனை சாகாது."

"நீ அமுக்குத வேகத்துல சாலமோனுக்கு வேற வேலதான் பாக்கணும்."

"பாக்கட்டும். உசிரோட இருந்து பாக்கட்டும்."

பிரம்மசக்தி சிரித்தாள். முதல் அரைமணி நேரம் எப்போதும்போல இருந்தது. பிடரியில் தொடங்கி, கண்ணுக்குப் பின்னால் ஏறி, உள்ளங்காலுக்கு இறங்குகிற காய்ந்த சூடு. மேல்காற்றின் சூடு அது. நிலத்திலிருந்து வருகிற காற்று வியர்வையை வந்த வேகத்தில் உறிஞ்சிக்கொண்டுபோகும். தோல் எரியும், ஆனால் உள்ளே ஆறும். அந்தச் சூட்டை அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குப் பழகியிருந்தாள்.

பன்னிரண்டு முப்பத்தெட்டுக்கு அது மாறியது.

சூடு ஈரமானது. வியர்வை காயாமல் வழிவதுபோல, தோலின் மேல் யாரோ வெந்நீர்த் துணியைச் சுற்றுவதுபோல. மூச்சு கனத்தது. ராவியத் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஒங்களுக்கும் என்னமோ மாதிரி இருக்கா?"

"கடக்காத்து திரும்பிட்டு" என்றாள் பிரம்மசக்தி.

அவளுக்குத் தெரியாத காற்றா அது. உப்பளத்தில் பதினெட்டு வருடம் அந்தக் காற்றுக்காகவே மத்தியானங்களைத் தள்ளியிருக்கிறாள். மேல்காற்றில் பாத்தி வரப்பில் நின்று உப்பு வாரி, கண் இருட்டி, இனி முடியாது என்கிற நேரத்தில் கிழக்கேயிருந்து அது வரும். முதலில் கொஞ்சம் பிசுபிசுக்கும். பெண்கள் உப்பு வாரும் பலகையைக் கீழே போட்டுவிட்டு முகத்தைக் கடல் பக்கமாகத் திருப்பிக்கொள்வார்கள். பிசுபிசுப்பு கால்மணி நேரம்தான். பிறகு ஆறத் தொடங்கும். கங்காணிகூட அந்த நேரத்தில் யாரையும் ஏச மாட்டான்.

"எனக்கு முடியலக்கா. உள்ள அடைக்கிது."

"பொறு. கால்மணி நேரம் இப்படித்தான் கெடக்கும். அப்புறம் ஆறிரும் பாரு."

"இது ஆறுற சூடு இல்லக்கா. நான் அமுக்கப்போறேன்."

"சாலமோனுக்கு இது மூணாவதுல்லா?"

"மூணாவதுதான்."

"கட்டில் போயிட்டா அவன் பிள்ளைய எங்கன கொண்டு போடுவான்? பொறுட்டி."

ராவியத் அமுக்கிவிட்டாள். பன்னிரண்டு நாற்பத்தொன்று. அவளுடைய முகம் அந்தக் கணமே தெளிந்தது. உடனே பிரம்மசக்தியின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்களும் அமுக்கிருங்க."

"அவன் பாதிக்கு மேல போயிட்டான்ட்டி."

"அதுக்கு என்ன?"

"அங்க ஒருத்தி ரத்தம் போய்க் கெடக்கா."

"நான் ஒங்க மூஞ்சியப் பாத்துட்டுத்தான் சொல்றேன். அமுக்கிருங்கக்கா."

பிரம்மசக்தி பல்லைக் கடித்திருந்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது என்று சொல்ல முடியாது. வேலை நடந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். இரத்தப் பையும் கட்டிலும் அவள் மனதில் இருந்தன, இல்லை என்றில்லை. ஆனால் பிற்பாடு நூறு தடவை தன்னையே கேட்டுப் பார்த்தபோது அவளுக்குத் தெரிந்தது வேறு. அவள் அமுக்காததற்கு அவை இரண்டும் காரணம் இல்லை. ஆறிவிடும் என்று அவள் உண்மையாகவே நம்பினாள்.

பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு ஆறியது.

உச்சந்தலையிலிருந்து சூடு வடிந்தது. கண்ணுக்குப் பின்னால் இருந்த கங்கு அணைந்தது. கை, கால், முதுகு என்று ஒவ்வொன்றாகக் குளிர்ந்து, கடைசியில் உடம்பு முழுவதும் ஒரு நிம்மதி பரவியது. முகத்தைக் கடல் பக்கம் திருப்பி நின்ற அந்தப் பெண்களின் நிம்மதி. அவள் நாற்காலியில் சாய்ந்து, பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள்.

"சொன்னேம்லா? ஆறிட்டு."

ராவியத் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சேந்துட்டாராக்கா?"

"சேரலன்னாலும் இனிப் பயமில்ல. கடக்காத்து நல்லா அடிக்கி. நீதான் அவசரப்பட்டுட்ட. பாவம் சாலமோன்."

அவள் சிரித்தபடிதான் அதைச் சொன்னாள். ஒன்று பத்து வரை அந்தக் குளிர்ச்சியில்தான் உட்கார்ந்திருந்தாள். பெட்டி இன்னும் வந்து சேரவில்லை என்று பழையகாயலிலிருந்து தகவல் வந்தபோதும், "வந்துருவான், இப்பதான் நல்லா ஓடுதான்" என்று சொன்னாள்.

அவன் ஏழாவது கிலோமீட்டரில் கிடந்தான். உப்புக் குவியல் ஒன்றின் பக்கமாக, விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் கால்கள் ஓடியிருந்த தடம் மண்ணில் இருந்ததாம். உடம்பு நாற்பத்து மூன்று டிகிரி. முதுகிலிருந்த பெட்டியில் இரத்தம் சரியாக நாலு டிகிரியில் இருந்தது. எடுக்கப் போனவர்களில் ஒருவன் அதைக் கழற்றிக்கொண்டு மிச்ச தூரத்தை ஓடினான். பிள்ளை பெற்றவள் பிழைத்துக்கொண்டாள். இதைப் பிரம்மசக்தியிடம் ஆறுதலாகச் சொன்னார்கள். அவளும் தலையாட்டினாள்.

ஒன்பதாம் நாள் விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் மருத்துவர் இளவேனில் மட்டும்தான் இருந்தார். முன்னால் ஒரு காகிதத்தில், அன்று அவளுக்குச் சுட்ட அளவைக் காட்டி, மலை ஏறி இறங்குவதுபோல ஒரு கோடு.

"உங்களைக் குத்தம் சொல்லக் கூப்பிடலம்மா. எனக்குப் புரியணும், அதுக்குத்தான்."

"கேளுங்க."

"கடல்காத்து வந்தப்புறம் சூடு குறையும்னு நினைச்சீங்களா?"

"உப்பளத்துல அப்படித்தான் டாக்டர்."

"நீங்க உப்பளத்துல நின்னப்ப வெயில் எவ்வளவு இருந்திருக்கும்?"

"முப்பத்தெட்டு. மிஞ்சினா நாப்பது."

"நாப்பதுல அந்தக் காத்து குளிர்ச்சி. ஐம்பத்தொண்ணுல அது ஈரம் மட்டும்தான். வியர்வை காயாது. வியர்வை காயலைன்னா உடம்புக்கு வேற வழி இல்ல."

"அப்ப ஆறுச்சே. எனக்கு நல்லாவே ஆறுச்சு."

"அவர் மூளையில சூட்டைப் பாக்கிற இடம் நின்னுபோச்சும்மா. அது நின்னா அங்கருந்து உங்களுக்கு எதுவும் வராது. எதுவும் வராததை உங்க உடம்பு குளிர்னு எடுத்துக்கிச்சு."

பிரம்மசக்தி அந்தக் கோட்டைப் பார்த்தாள். ஏறி, ஏறி, ஓர் உச்சியில் சற்றுத் தட்டையாக நடந்து, பிறகு செங்குத்தாக விழுந்திருந்தது. அந்த விழுகிற இடத்தில்தான் அவள் தண்ணீர் குடித்தாள்.

"பொண்ணு ராவியத் அமுக்கின அளவு இது." இளவேனில் பேனாவால் ஓர் இடத்தைத் தொட்டார். "பெரும்பாலான துணைகள் இதுக்குக் கீழயே அமுக்கிடுறாங்க. நீங்க இதுக்கு மேல பதினோரு நிமிஷம் இருந்திருக்கீங்க. இதுவரைக்கும் யாரும் அப்படி இருந்ததில்ல. எப்படிம்மா தாங்குனீங்க?"

அந்தக் கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை. வியப்பு இருந்தது. அதைத்தான் பிரம்மசக்தியால் பிறகு எந்த நாளும் செரிக்க முடியவில்லை. யாராவது அவளை அடித்திருக்கலாம். கொலைகாரி என்று ஒருவர் சொல்லியிருந்தால், அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதிருப்பாள்.

"என் அளவ வச்சு அவனப் பாத்துட்டேன் டாக்டர்" என்றாள். "அவன் உப்பளத்துல ஒருநாள்கூட நின்னது கெடையாது. நான் விடல. படிக்கட்டும்னு விடல."

இளவேனில் அதை எழுதிக்கொள்ளவில்லை.

ஆவணிக்குள் பல மாற்றங்கள். சாலமோன் கட்டிலை இழந்து, மனைவி பிள்ளையோடு மேற்கே மலையடிவாரத்துக்குப் போய்விட்டான். போகிறபோது ராவியத்திடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ராவியத்தைத் துணையாகக் கேட்க யாரும் வரவில்லை. பிரம்மசக்தியைக் கேட்டு ஏழு பேர் வந்தார்கள். தம்பி செத்த முப்பதாம் நாள் அது. எல்லாரும் இளவட்டங்கள், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

"நீங்க வந்தா தைரியமா ஓடுவோம்க்கா. நீங்க பொசுக்குன்னு அமுக்க மாட்டிய."

"என் தம்பி செத்துப்போனான்ல, அது தெரியுமால?"

"தெரியும்க்கா. அது காத்து மாறினதால. எல்லா நாளுமா மாறும்?"

அவள் ஒருவரையும் உள்ளே கூப்பிடவில்லை. எழுந்து திரையை இழுத்துவிட்டாள். ஓட்டக்காரன் ஓட்டத்தில் செத்தால் வீட்டாரின் கட்டில் ஆயுளுக்கும் நிலைக்கும் என்பது வாரியத்தின் விதி. காலியான கட்டிலும் சேர்த்து இரண்டும் அவளுக்கே இருந்தன.

அடுத்த சித்திரையில் வாரியத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அவசியமில்லாத அமுக்கல்கள் மிகுந்துவிட்டன, அதனால் மருந்துகள் போய்ச் சேருவதில்லை, இனி ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே அமுக்கினால் அது துணையின் பிழையாகக் கொள்ளப்படும் என்று அதில் இருந்தது. அந்த அளவு எது என்பதைக் காட்ட ஒரு படமும் போட்டிருந்தார்கள். பிரம்மசக்தி படம் பார்க்கத் தெரிந்தவள். ஏறி, ஏறி, உச்சியில் சற்றுத் தட்டையாக நடக்கிற கோடு. செங்குத்தாக விழுகிற இடத்துக்குச் சற்று முன்னால் அதை வெட்டியிருந்தார்கள். மீதியைப் போடவில்லை.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு, பல மாதங்களுக்குப் பிறகு முதல்முறையாக அவள் துணை அறைக்குப் போனாள். பகல் ஒரு மணி. ஆறு நாற்காலியிலும் ஆள் இருந்தது. நான்காவதில் பத்தொன்பது, இருபது வயதுப் பெண் ஒருத்தி. நெற்றி நரம்பு புடைத்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"யாருட்டி ஓடுதா?"

"எங்க வீட்டுக்காரவொ."

"எப்படி இருக்கு?"

"எரியுது. ஆனா இன்னும் அளவுக்கு வரலக்கா." அவள் சுவரைக் காட்டினாள். அதே கோடு, பெரிதாக அச்சடித்து ஒட்டியிருந்தது. "அந்தத் தட்டையா இருக்கிற எடம் வரைக்கும் இருக்கணுமாம். ஒரு அக்கா இருந்திருக்காவ. நாங்கள்லாம் அந்த அக்காவ நெனச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கோம்."

"அமுக்கு" என்றாள் பிரம்மசக்தி.

"என்னது?"

"அந்தப் படம் பாதிதான். மீதிய எனக்குத் தெரியும். நான்தான் அந்த அக்கா. சொல்லுதேன், அமுக்கிரு தாயி."

அந்தப் பெண் அவளை நிமிர்ந்து பார்த்தாள். கண்களில் நீர் கோத்திருந்தது. பயந்து அழுகிறாள் என்றுதான் பிரம்மசக்தி முதலில் நினைத்தாள். அது பயமில்லை. கோயிலில் திரை விலகும்போது சனங்கள் பார்க்கிற பார்வை அது.

"நீங்களா?" என்றாள். நாற்காலியில் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நீங்க பக்கத்துல நில்லுங்கக்கா, போதும். நான் தாங்கிருவேன்."

பிரம்மசக்தி குனிந்து, அவள் கையைத் தாண்டித் தானே அமுக்கப் போனாள். அந்தப் பெண் இரண்டு கையாலும் பொத்தானை மூடிக்கொண்டாள். வாசலில் இருந்த காவலர் வந்து, மரியாதையாகத்தான், "வாங்கக்கா" என்று தோளைத் தொட்டு அழைத்தார். அந்தப் பெண்ணின் விரல்களின் இடுக்கில் அது தெரிந்தது. சிவப்புப் பொத்தானின் மேல் தொழிற்சாலையில் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாள், இதுவரை ஒருவர் விரலும் அழுந்தாமல், ஒரு மூலைகூடப் பெயராமல் அப்படியே இருந்தது.